பெண்ணும் ஆணும் சேர்ந்த ஃப்ரீமேசன் சபை: அடையாற்றுக்கு முன்னால் லெ பெக்

நெய்தல்வாசி:

வேறொரு இழையில் அன்னி பெசன்ட் பற்றிப் பேச்சு வந்தபோது, பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் ஃப்ரீமேசன் சபையை (சடங்கு செய்து உறுப்பினரைச் சேர்க்கும் ரகசியச் சகோதர அமைப்பு அது) அவர்தான் அடையாற்றில் தொடங்கினார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். சென்னையில் இப்படிச் சொல்பவர்கள் நிறைய. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் பிரம்மஞான (தியோசபி) சபையைச் சேர்ந்த பெசன்ட், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொடங்கியவர் அவரில்லை. தொடங்கியவர்கள் பிரம்மஞானத்துக்குச் சம்பந்தமே இல்லாத பிரெஞ்சுக்காரர்கள். தமிழில் இந்த வரலாறு அதிகம் பேசப்படாததால் தனி இழையாகவே போடுகிறேன்.

மரியா தெரேம் 1828-இல் பாரிஸில் பிறந்தவர். வசதியான குடும்பம், ஆழமான படிப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் எழுத்தாளர், பிறகு மேடைப் பேச்சாளர். 1866-இல் கிராண்ட் ஓரியன்ட் என்ற ஃப்ரீமேசன் தலைமைச் சபையின் பாரிஸ் மண்டபத்தில் பொதுச் சொற்பொழிவுகள் நடந்தன. லெயோன் ரிஷேர் என்ற பத்திரிகையாளர் அவரை அங்கே பேச அழைத்தார். அறநெறி, குடும்பம், பெண்கள் நிலை என்று பேசினார். கூட்டம் திரண்டது. 1870-இல் ரிஷேரும் அவரும் சேர்ந்து பெண்ணுரிமைக்காகச் சங்கம் அமைத்தார்கள். 1878-இல் பாரிஸில் பெண்ணுரிமைக்கான சர்வதேச மாநாட்டையும் இருவரும் கூட்டினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரீமேசன்களின் மண்டபத்தில் நின்று அவர் பேசலாம், அவர்கள் உட்கார்ந்து கேட்டுக் கைதட்டலாம். ஆனால் உறுப்பினராகக் கதவைத் தாண்ட முடியாது, பெண் என்பதால்.

1882 ஜனவரி 14-ஆம் தேதி அந்தக் கதவு ஒரு சின்ன ஊரில் திறந்தது. பாரிஸுக்கு மேற்கே சேன் ஆற்றங்கரையில் இருக்கும் லெ பெக் என்ற ஊர். அங்கிருந்த 'சுதந்திரச் சிந்தனையாளர்கள்' என்ற லாட்ஜ் (ஃப்ரீமேசன்களின் உள்ளூர்க் கிளை), முதலில் தான் சார்ந்திருந்த தாய்ச்சபையிலிருந்து விலகித் தன்னாட்சி அறிவித்தது. சில நாள் கழித்து, ஆண்களுக்குச் செய்யும் அதே சடங்கை முழுமையாகச் செய்து தெரேமை உறுப்பினராக்கியது.

தாய்ச்சபை விடுமா? நடவடிக்கை எடுத்தது. சில மாதங்களில் லாட்ஜும் பின்வாங்கி, அவரை விட்டுவிட்டுத் தாய்ச்சபையோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சாதாரணமாக இந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கற்குவியல்:

தொடருங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. பெண்கள் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? வழக்கமா, சட்டமா?

பழையபுத்தகம்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சட்டமேதான்.

1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றாகி முதல் தலைமைச் சபையை அமைத்தன. அதன் விதிகளை ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்து 1723-இல் அச்சிட்டார். உறுப்பினர் ஆகக்கூடியவர் நல்லவராகவும் சுதந்திரமாகப் பிறந்தவராகவும் முதிர்ந்த வயதுள்ளவராகவும் இருக்க வேண்டும், அடிமைகள் கூடாது, பெண்கள் கூடாது, ஒழுக்கம் கெட்டவர்கள் கூடாது என்று அதில் இருக்கிறது. பெண்ணை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். தன் விருப்பப்படி முடிவெடுக்கும் சட்ட உரிமை இல்லாதவர் உறுதிமொழி எடுக்க முடியாது என்பது அக்காலத்து வாதம். அடிமைக்கும் மனைவிக்கும் அதே வாதம்தான்.

அந்த விதிக்கு முன்பே ஒரு விலக்கு உண்டு. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் டோனரைல் மாளிகையில் எலிசபெத் செயின்ட் லெஜர் என்ற இளம்பெண், கல்யாணத்துக்குப் பிறகு ஆல்ட்வொர்த், தன் தந்தையின் வீட்டில் நடந்த லாட்ஜ் சடங்கைப் பார்த்துவிட்டதாகவும், ரகசியம் தெரிந்துவிட்டதே என்று அவரையும் உறுப்பினராக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். 1712 வாக்கில் நடந்தது. ஆனால் அவரோடு அது முடிந்துபோனது. வேறு பெண்ணுக்கு வழி திறக்கவில்லை.

பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் 'தத்து லாட்ஜ்' என்ற ஏற்பாடு வந்தது. பிரபுக்களின் மனைவி, மகள், சகோதரிகளுக்குத் தனிச் சடங்கு வைத்து, ஓர் ஆண் லாட்ஜின் மேற்பார்வையில் நடத்துவார்கள். 1774-இல் கிராண்ட் ஓரியன்ட் அதை முறைப்படி ஏற்றது. பூர்போன் கோமகள் அதற்குத் தலைவியாக இருந்தார், மரி அந்துவானெத் அரசியின் தோழியான லாம்பால் இளவரசியும் அதில் இருந்தார். பகட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சடங்கு வேறு, படிநிலை வேறு, அதிகாரம் ஆண்களிடம். ஆகவே தெரேம் போன்றவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரக் கேட்கவில்லை. சமமான கதவு வழியாகத்தான் வருவோம் என்றார்கள்.

நெய்தல்வாசி:

ஐயா, நன்றி. அந்தக் கடைசி வரிதான் விஷயமே. தெரேம் கேட்டது தனி அறை இல்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். 1882-க்குப் பிறகு 11 ஆண்டுகள். இந்த இடைவெளியில் ஜார்ஜ் மார்த்தேன் வருகிறார். மருத்துவர், பாரிஸ் நகர மன்ற உறுப்பினர், பிறகு செனட்டர். ஃப்ரீமேசன். பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று தன் சபைக்குள்ளேயே ஆண்டுக்கணக்காக வாதாடினார். ஆண்கள் தலையாட்டுவார்கள், தீர்மானம் என்று வந்ததும் ஒத்திவைப்பார்கள். மனைவி மரி-ஜார்ஜ் மார்த்தேனும் அவரோடு இந்த வேலையில் இறங்கியவர்.

கடைசியில் இருவருக்கும் ஒன்று புரிந்தது. இருக்கிற சபைகள் மாறப்போவதில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டவும் ஃப்ரீமேசன்களின் உலகில் ஒரு நிபந்தனை உண்டு. சடங்கு பெற்றவர்தான் இன்னொருவருக்குச் சடங்கு தர முடியும். நாலு பேர் கூடி நாங்களும் ஃப்ரீமேசன் என்று பலகை மாட்டிக்கொண்டால் செல்லாது.

லெ பெக் நிகழ்வின் பலம் இப்போதுதான் தெரிகிறது. லாட்ஜ் தெரேமைக் கைவிடலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கலாம். ஆனால் அன்று நடந்த சடங்கை நடக்காததாக ஆக்க முடியாது. அவர்களுடைய சொந்த விதிப்படியே ஒருமுறை தீட்சை பெற்றவர் பெற்றவர்தான். ஆகவே முறைப்படி சடங்கு பெற்ற ஒரே பெண்ணாக 11 ஆண்டுகள் அவர் வெளியே நின்றார்.

1893 மார்ச் 14. தெரேம், மார்த்தேன், இன்னும் சில ஆண் ஃப்ரீமேசன்கள் பாரிஸில் கூடி 16 பெண்களுக்குத் தீட்சை கொடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களை மூன்று படிநிலைகளிலும் ஏற்றினார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் கலப்புத் தலைமைச் சபை பிறந்தது. 'லெ த்ருவா உமேன்' என்று பெயர், மனித உரிமை என்று பொருள். இன்றுவரை அந்த அமைப்பு அந்தப் பெயரில்தான் இயங்குகிறது.

அந்தப் பதினாறு பேரில் க்ளெமான்ஸ் ருவாயேவும் ஒருவர். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூலை 1862-இல் பிரெஞ்சில் முதன்முதலாகக் கொண்டுவந்தவர். தெரேமின் அக்கா அன்னா ஃபெரெஸ்-தெரேமும் உண்டு. மரி பெக்கே த வியென் என்பவர், ஏழைத் தாய்மார் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்க உதவி செய்யும் சங்கம் நடத்தியவர். பொழுதுபோக்க வந்தவர்கள் இல்லை.

செங்கல்சூளை:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வசதியானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு ரகசியச் சடங்கு செய்யும் இடம் அது. அதில் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி கிடைத்ததைப் பெண் விடுதலை வரலாற்றில் எதற்காகச் சேர்க்க வேண்டும்? வாக்குரிமைக்குத் தெருவில் இறங்கியவர்கள் இருக்கும்போது இது பெரிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

நெய்தல்வாசி:

தோழர், நியாயமான கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அன்றைய பிரான்சில் லாட்ஜ் என்பது என்ன? 1870-இல் பேரரசு விழுந்து மூன்றாம் குடியரசு வந்த பிறகு, குடியரசுக் கட்சிக்காரர்கள் வாதம் செய்யப் பழகிய இடமே லாட்ஜ்தான். இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்த ஜூல் ஃபெரி ஃப்ரீமேசன், லெயோன் கம்பெத்தாவும் ஃப்ரீமேசன். அமைச்சர், வக்கீல், பத்திரிகை ஆசிரியர், நகர மன்ற உறுப்பினர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, திருச்சபை, பள்ளிக்கூடம், விவாகரத்து, தொழிலாளர் சட்டம் என்று கட்டுரை வாசித்து விவாதிப்பார்கள். நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன் ஒரு மசோதா பல லாட்ஜுகளில் அலசப்பட்டிருக்கும்.

பெண்ணின் நிலை? நெப்போலியன் சட்டத் தொகுப்பில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தனிப் பிரிவே இருந்தது. அந்த வரி 1938-இல்தான் போனது. விவாகரத்து உரிமை 1884-இல்தான் திரும்ப வந்தது. வாக்குரிமை 1944-இல். தெருவில் இறங்கிப் போராடியவர்களின் மதிப்பு ஒருபோதும் குறையாது. ஆனால் எந்தச் சட்டம் எந்த அறையில் முடிவாகிறதோ, அந்த அறையிலேயே போய் உட்கார வேண்டும் என்று தெரேம் நினைத்தார். அவருக்கு நாற்காலி முக்கியமில்லை. பேச்சு நடக்கும் இடத்திலிருந்து தான் துரத்தப்படுவதுதான் அவருடைய புகார்.

இன்னொன்றும் உண்டு. குடியரசுவாதிகளான ஆண்கள் ஒரு காரணம் சொல்வார்கள். பெண்கள் பாதிரிகளின் பேச்சைக் கேட்பவர்கள், வாக்குரிமை கொடுத்தால் திருச்சபையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று. தெரேம் திருப்பிக் கேட்டார்: அறிவும் விவாதமும் நடக்கும் எல்லா இடத்தையும் பெண்ணுக்கு மூடிவிட்டு, திறந்திருக்கும் ஒரே கதவு தேவாலயம் என்றால், அவள் வேறு எங்கே போவாள்? இந்த வாதத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை. என்னைக் கேட்டால், இந்த அமைப்பின் வேரே இந்தக் கேள்விதான்.

செங்கல்சூளை:

அந்தக் கடைசி வாதம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். ரகசியம் பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஏழைப் பெண் இதில் எங்கே?

மதகடி:

ஏழைகள் எங்கே என்று கேட்டதால் உள்ளே வருகிறேன். இதே அமைப்பு அமெரிக்காவுக்கு எப்படிப் போனது தெரியுமா? சுரங்கத் தொழிலாளர்கள் வழியாக.

பென்சில்வேனியா மாநிலத்தில் சார்லராய் என்ற ஊர். கண்ணாடித் தொழிற்சாலை, சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம். பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நிறைய. அங்கே லூயி கோசியு என்றொருவர். பிரான்சின் பிரித்தானி பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி, அராஜகவாதி, பிறகு சோஷலிஸ்ட், தொழிலாளர்களுக்குப் பிரெஞ்சுப் பத்திரிகை நடத்தியவர். அந்துவான் முசரெல்லி என்பவர் பாரிஸ் தலைமையின் சார்பில் ஆள் திரட்ட வந்தபோது கோசியு முன்வந்தார். 1903-இல் 'ஆல்ஃபா' என்ற லாட்ஜ் சார்லராயில் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கலப்பு லாட்ஜ் அதுதான். முசரெல்லிக்குப் பிறகு தலைமைக்கு வந்த கோசியு 1937-இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஆரம்ப ஆண்டுகளில் அங்கே சேர்ந்தவர்களில் பலர் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்கள். அவர்களோடு மனைவிமாரும் வந்து உட்கார்ந்தார்கள். பணக்காரர் கிளப் என்ற படம் இங்கே பொருந்தாது.

பாரிஸ் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பாரிஸ் கம்யூன் போராளி லூயிஸ் மிஷேல் 1904-இல், தன் கடைசிக் காலத்தில், பாரிஸில் வேறொரு கலப்பு லாட்ஜில் சேர்ந்தார். அது லெ த்ருவா உமேன் இல்லை, தனிக் கிளை. ஆனால் தெரேம் திறந்த வழிதான் அது.

கற்குவியல்:

//பிரம்மஞானத்துக்குச் சம்பந்தமே இல்லாத பிரெஞ்சுக்காரர்கள்//

அப்படியானால் பெசன்ட் எப்படி உள்ளே வந்தார்? கடவுள், மறுபிறவி, மகாத்மாக்கள் என்று பேசியவர் இந்தப் பகுத்தறிவுக்காரர்களோடு எப்படி ஒத்துப்போனார்?

அடையாறுபாலம்:

நெய்தல்வாசி அண்ணா, இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா. வீட்டில் மூன்று தலைமுறையாக பிரம்மஞான சபைத் தொடர்பு உண்டு, இந்தப் பகுதியை நிறையப் படித்திருக்கிறேன்.

முதலில் ஒரு தேதி. தெரேம் பாரிஸில் சபையைத் தொடங்கிய அதே 1893-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி பெசன்ட் முதன்முதலாக இந்திய மண்ணில் கால் வைத்தார். இறங்கிய இடம் தூத்துக்குடி. அப்போது அவருக்கு அந்தப் பிரெஞ்சு அமைப்போடு எந்தத் தொடர்பும் கிடையாது.

இணைப்பு ஏற்படுத்தியவர் ஃப்ரான்செஸ்கா அருண்டேல். லண்டனில் பிரம்மஞான சபையின் பழைய உறுப்பினர், பின்னாளில் அந்தச் சபையின் தலைவரான ஜார்ஜ் அருண்டேலை வளர்த்த அத்தை. பெசன்டுக்கு முன்பே அவர் பாரிஸில் சேர்ந்திருந்தார். 1902 ஜூலையில் பெசன்ட் பாரிஸ் போய்த் தீட்சை பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி லண்டனில் 'மனிதக் கடமை' என்ற பெயரில் லாட்ஜ் எண் 6 தொடங்கியது. அதைத் தொடங்கிவைக்க மார்த்தேன் தம்பதி உள்ளிட்டவர்கள் பாரிஸிலிருந்து வந்தார்கள். 1903-இல் காசியில் 'தர்மா' லாட்ஜ். அப்புறம் அடையாற்றில் 'இந்தியாவின் உதய சூரியன்'. சபை வளாகத்துக்குள் இதற்கெனத் தனிக் கோயிலே (லாட்ஜின் சடங்கு மண்டபம்) உண்டு.

எப்படி ஒத்துப்போனார் என்று கேட்டீர்கள். ஒத்துப்போகவில்லை, பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பாரிஸ்காரர்கள் கடவுள் நம்பிக்கையை நிபந்தனையாக வைக்கவில்லை. பெசன்ட் 'பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி' என்ற இறைவனின் பெயரையும் வேதநூலையும் தன் லாட்ஜுகளில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். மார்த்தேன் கொடுத்தார். அதன்படி 1904 வாக்கில் ஒரு தனிச் சடங்குமுறையே வந்தது, காசி லாட்ஜின் பெயரால் தர்மா முறை என்பார்கள். ஒரே அமைப்பில், பாரிஸில் கடவுள் பெயர் இல்லாமலும் சென்னையில் கடவுள் பெயரோடும் கூட்டம் நடந்தது. இரண்டு தரப்புமே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

பெசன்ட் நாத்திகராகப் பொதுவாழ்வில் நுழைந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். பாதிரியாரான கணவரைப் பிரிந்து, சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து சுதந்திரச் சிந்தனை மேடைகளில் பேசியவர். பாரிஸ்காரர்களின் பேச்சு அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

திருச்சிக்காரன்:

இடையில் ஓர் உள்ளூர்ச் செய்தி. தமிழ்நாட்டு ஃப்ரீமேசன் வரலாறு பெசன்டுக்கு நூறு ஆண்டுக்கு முன்னால் தொடங்குகிறது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770-களில் திருச்சியில் தீட்சை பெற்றார். இந்தியர்களில் முதல்வர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அதெல்லாம் ஆங்கிலேயர்களின் ஆண் லாட்ஜ். 1961-இல் அமைந்த இந்தியத் தலைமைச் சபையும் ஆண்களுக்கு மட்டும்தான். எழும்பூரில் எத்திராஜ் சாலையில் இருக்கும் ஃப்ரீமேசன் மண்டபத்தையும் அடையாற்றுக் கோயிலையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உறவில்லை.

கற்குவியல்:

அப்படியென்றால் ஆண் சபைகள் இந்தக் கலப்புச் சபையை அங்கீகரிக்கின்றனவா?

பழையபுத்தகம்:

லண்டனில் உள்ள ஐக்கிய இங்கிலாந்துத் தலைமைச் சபை அங்கீகரிப்பதில்லை. அதை ஒட்டி நடக்கும் உலகின் பெரும்பாலான ஆண் சபைகளும் அப்படியே. அதன் உறுப்பினர் ஒருவர் கலப்பு லாட்ஜ் கூட்டத்தில் போய் உட்காரக் கூடாது.

இதன் பின்னணியில் இன்னொரு பிளவும் இருக்கிறது. 1877-இல் பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட், உறுப்பினர் கடவுளையும் ஆன்மாவின் அழியாமையையும் நம்ப வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. இங்கிலாந்து உடனே உறவை முறித்தது. ஆக, 1893-இல் லெ த்ருவா உமேன் பிறந்தபோது அது இரண்டு குற்றங்களோடு பிறந்தது: பெண்கள் இருக்கிறார்கள், கடவுள் கட்டாயமில்லை.

1999-இல் இங்கிலாந்துச் சபை ஓர் அறிக்கை விட்டது. அந்நாட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் இரண்டு சபைகள், பெண்களைச் சேர்ப்பதைத் தவிர மற்றபடி முறையாகவே நடக்கின்றன என்று. இது முறையான அங்கீகாரம் இல்லை, ஆனால் மரியாதை உண்டு. கலப்புச் சபைக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. தனியாக இருக்கும் பெண்ணை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. பக்கத்தில் சமமாக உட்காரும் பெண்தான் இன்னும் சிக்கல்.

அடையாறுபாலம்:

ஐயா சொன்ன அந்தப் பெண்கள் சபைகளின் தொடக்கமும் இங்கேதான் இருக்கிறது. 1908-இல் இங்கிலாந்தில் பெசன்டின் தலைமையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர், பாரிஸிலிருந்து வரும் கட்டுப்பாடும் பழைய ஆங்கிலச் சடங்கிலிருந்து விலகிப்போவதும் பிடிக்காமல் பிரிந்துபோனார்கள். அதுவும் ஆண், பெண் இருவரையும் சேர்த்த சபையாகவே தொடங்கியது, முதல் தலைவர் வில்லியம் காப் என்ற பாதிரியார். நாளடைவில் ஆண்களைச் சேர்ப்பதை நிறுத்திப் பெண்கள் சபையாகிவிட்டது. இன்று பெண் ஃப்ரீமேசன்களின் சபை என்று இங்கிலாந்தில் பெரிதாக இருப்பது அதுதான்.

பிளவு நம் ஊரிலும் வந்தது. 2001-இல், பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ராதா பர்னியர், லெ த்ருவா உமேனை விட்டு விலகி, அடையாற்றைத் தலைமையிடமாக வைத்துக் கீழைநாட்டுக் கலப்பு ஃப்ரீமேசன் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ஆகவே இன்று இந்தியாவில் இரண்டு வழியும் உண்டு. 1904-இல் மார்த்தேனும் பெசன்டும் போட்ட அந்த ஏற்பாடு நூறு ஆண்டு தாங்கவில்லை, கிட்டத்தட்டத் தாங்கியது.

மதகடி:

பெசன்ட், அடையாறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1917-இல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச முதலானோர் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள், பெசன்ட் தலைவர். 1921-இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்து அடிப்படையில்தான், எல்லாருக்கும் இல்லை. இருந்தாலும் பிரான்சுக்கு 23 ஆண்டு முன்னால். தெரேமின் ஊரில் பெண்கள் வாக்குச் சாவடிக்குப் போகும் முன்பே மெட்ராஸ் பெண்கள் போய்விட்டார்கள்.

லாட்ஜ்தான் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் வாக்களித்து முடிவெடுக்கும் பழக்கம் அடையாற்றில் முன்பே இருந்தது என்பது சின்ன விஷயமில்லை.

செங்கல்சூளை:

இந்தக் கடைசிப் பத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்களித்துப் பழகிய இடம் என்று பார்த்தால் ஒரு பொருள் கிடைக்கிறது. சரி, தெரேம் அப்புறம் என்ன ஆனார்? அவரைப் பற்றி ஆரம்பித்துவிட்டு எல்லாரும் பெசன்டிடம் போய்விட்டோமே.

நெய்தல்வாசி:

உண்மைதான் தோழர், எப்போதும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் இழையே தொடங்கினேன்.

சபை பிறந்து பத்து மாதம்தான், 1894 பிப்ரவரி 6-ஆம் தேதி தெரேம் இறந்துவிட்டார். கோயிலை முடிக்காமல் உங்களிடம் விட்டுச் செல்கிறேன் என்று அவர் சொல்லிச் சென்றதாக அந்த அமைப்பினர் இன்றும் சொல்வார்கள். முடிக்கும் வேலையை மார்த்தேன் தம்பதி எடுத்துக்கொண்டார்கள். முதலில் மூன்று படிநிலை மட்டும் இருந்தது. 1899-இல் 33 படிநிலை வரை போகும் உச்ச மன்றத்தை மார்த்தேன் அமைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு நாட்டின் தலைமைச் சபை என்ற எல்லையைத் தாண்டி, எல்லா நாட்டு லாட்ஜுகளையும் ஒரே குடையின் கீழ் வைக்க முடிந்தது. லண்டன், காசி, சார்லராய் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அமைப்பு ரீதியாகப் பார்த்தால் 1893-ஐ விட 1899 முக்கியம் என்றுகூட வாதிடலாம்.

பாரிஸின் 13-ஆம் வட்டாரத்தில் ஜூல் ப்ரெத்தோன் தெருவில் 5-ஆம் எண் கட்டடம் அவர்களுடைய தலைமையிடம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு கட்டியது, எகிப்தியப் பாணித் தூண்களோடு இருக்கும். அதன் முகப்பிலேயே பொறித்திருக்கிறார்கள்: மனித குலத்தில் ஆணுக்கு உள்ள அதே கடமைகள் பெண்ணுக்கும் உண்டு, ஆகவே குடும்பத்திலும் சமூகத்திலும் அதே உரிமைகளும் அவளுக்கு வேண்டும். ரகசியச் சபை என்று சொல்கிறோம், ஆனால் கோரிக்கையைத் தெருவைப் பார்க்க எழுதி வைத்திருக்கிறார்கள். மரி-ஜார்ஜ் 1914-இலும் மார்த்தேன் 1916-இலும் இறந்தார்கள். முதல் சர்வதேச மாநாடு 1920-இல் நடந்தபோது தெரேமும் மார்த்தேன் தம்பதியும் உயிரோடு இல்லை.

தெரேமுக்கு 1898-இல் பாரிஸில் எப்பினெத் பூங்காவில் வெண்கலச் சிலை வைத்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அதை உருக்கிவிட்டார்கள். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1940 ஆகஸ்டில் ரகசியச் சபைகளைத் தடை செய்து லாட்ஜுகளை மூடியதும் அந்தக் காலத்தில்தான். சிலை 1983-இல் மறுபடி வார்த்து வைக்கப்பட்டது.

கற்குவியல்:

ஒன்றே ஒன்று. 1866-இல் தெரேம் பேசிய அந்தக் கிராண்ட் ஓரியன்ட், பெண்களை இப்போதாவது சேர்க்கிறதா?

பழையபுத்தகம்:

சேர்க்கிறது. 2010 செப்டம்பரில் அவர்களுடைய ஆண்டு மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு லாட்ஜும் தானே முடிவு செய்யலாம் என்று தீர்மானமானது. கட்டாயமில்லை. வேண்டாம் என்று இருக்கும் லாட்ஜுகள் இன்றும் உண்டு.

நெய்தல்வாசி:

லெ பெக் லாட்ஜ் 1882-இல் செய்ததும் அதைத்தான், ஐயா. தன் லாட்ஜில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தானே முடிவு செய்தது. அதற்காகத்தான் அதன் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். இடையில் 128 ஆண்டுகள்.

மார்த்தேன் தன் சபைக்குள் நடத்திய வாதங்கள் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத நினைக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வாசிக்கக்கூடிய நண்பர்கள் யாராவது இங்கே இருந்தால் சேர்ந்து செய்யலாம், தனிச்செய்தி அனுப்புங்கள்.